மாமாவின் சூரியனும் என் தலைவலியும்

மார்ச் 9, திங்கள்

என் மாமனாருக்குச் சூரியனில் ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. இனி இந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

காலையில் மொட்டை மாடியிலிருந்து ஒரே கூச்சல். "ஆவுட! ஏ ஆவுட! வந்து பாரு, எத்தத் தண்டி புள்ளி!" அத்தை புளி கரைத்த கையோடு ஓடினார்கள். நான் போகவில்லை. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறுவதாக இல்லை. தவிரவும் நான் இயற்பியல் எம்.எஸ்ஸி. சூரியனில் புள்ளி வரும் என்பது எனக்குப் புதிய செய்தி அல்ல.

மாமா பரமகுரு, போர்ட் பிளேர் துறைமுகத்தில் கிரேன் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பழைய பைனாகுலரை முக்காலியில் கட்டி, அதன் வழியாகச் சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்துப் பார்க்கிறார். அது சரியான முறைதான். கல்யாணமாகி வந்த புதிதில் நானே பாராட்டினேன். அந்தப் பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியிருந்தால் வாங்கிக்கொள்வேன். புள்ளி பூமியைப் பார்த்துத் திரும்பினால் மூன்றாம் நாள் நிலநடுக்கம் வரும் என்பது இவர் கண்டுபிடிப்பு. 'ஆதவன் எச்சரிக்கை' என்று ஒரு வாட்ஸப் குரூப் வேறு. இருநூறு சொச்சம் பேர் அதில் இருக்கிறார்கள். அந்தமானில் இத்தனை பேருக்கு வேலை இல்லை என்று எனக்கு இதுவரை தெரியாது.

வாயால் சொன்னால் சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லாமல் இருக்க முடியவில்லை. இட்லி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"மாமா, இந்தத் தீவுக்கு அடியில ரெண்டு பூமித் தட்டு ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டுக் கிடக்கு. மாசத்துல சில தடவையாவது எங்கயாவது ஆடத்தான் செய்யும். நான் ரசம் வைக்கும்போதெல்லாம் நிலநடுக்கம் வரும்னு சொன்னாலும் பலிக்கும்."

"நீ ரசம் தெனமும்லாம்மா வைக்க?" என்றார். கேலி செய்கிறேன் என்றுகூடப் புரியவில்லை.

சில விஞ்ஞானிகள் சூரியனுக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கட்டுரை எழுதியிருப்பது எனக்கும் தெரியும். வேறு சிலர் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போய், "எம்.எஸ்ஸி. படித்த என் மருமகளே ஒத்துக்கொண்டாள்" என்று குரூப்பில் பேசி அனுப்பிவிட்டார். இந்த மனிதரை என்ன செய்வது?

மார்ச் 12, வியாழன்

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இன்று எனக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். காலையிலேயே குளித்துச் சேலை கட்டி நின்றேன். அத்தை வாசலை மறித்துக்கொண்டார்கள்.

"சூரியன் கொதிச்சுக்கிட்டு இருக்காம், உங்க மாமா சொல்லுதாவ. கிரகணத்துக்கே புள்ளத்தாச்சி வெளிய போவக் கூடாது. இது அதவிடப் பெருசாம். உள்ள படு. சன்னலச் சாத்து. கத்தி, அருவாமணை தொடாத."

"அத்தே, கிரகணம்ங்கிறது நெழல். இது அப்படி இல்ல."

"அப்போ இன்னும் மோசம்தான?"

உள்ளே போகத் திரும்பினேன். அப்போது மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். இன்றுதான் மூன்றாம் நாளாம். வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாதாம். கூரை விழுமாம். வெட்டவெளிக்குப் போ என்கிறார். அத்தை வெயில் படாமல் உள்ளே போ என்கிறார்கள். இரண்டு பேரும் கூடத்தில் நின்று கத்தினார்கள். சூரியனுக்குப் பயந்து உள்ளே இருக்க வேண்டும், பூமிக்குப் பயந்து வெளியே இருக்க வேண்டும். நடுவில் நான்.

கடைசியில் சமரசம் ஆனது. கொல்லையில் தார்ப்பாய் கட்டி, நாலு பக்கமும் அத்தையின் பழைய சேலைகளைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள். கூரையும் இல்லை, வெயிலும் இல்லை. அதில் என்னை உட்காரவைத்தார்கள். மாலை வரை. போர்ட் பிளேரின் மார்ச் மாதப் புழுக்கத்தில். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏதாவது பூஜையா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன்.

செக்கப் போச்சு. இனி அடுத்த வியாழன்தான்.

என் வீட்டுக்காரர் நயினார் கப்பலில் இருக்கிறார், நிக்கோபார் பக்கம். இருபதாம் தேதிதான் திரும்புகிறார். அம்மா கோவில்பட்டியிலிருந்து அடுத்த மாதம் வருகிறாள். அதுவரை இந்தப் பைத்தியங்களோடு நான்தான் மல்லுக்கட்ட வேண்டும். தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து உட்கார்ந்து தலை விண்விண் என்று தெறித்தது. வாய் தவறி அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

வயிறு எரிகிறது. கோபத்தில்.

நேற்று நான் தலைவலி என்று சொன்னதை மாமா உடனே குரூப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். இன்று அத்தையின் போனில் கேட்டேன். "எட்டு மாதக் கர்ப்பிணியான எனது மருமகளுக்கு, சூரியப் புயல் தாக்கிய அதே வேளையில் கடுமையான தலைவலி. இதை எந்த விஞ்ஞானியும் சொல்ல மாட்டான்." மேடைப் பேச்சு மாதிரி சுத்தத் தமிழில் பேசியிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடுகள். டிக்லிப்பூரிலிருந்து ஒருவர், தன் மாடும் நேற்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றதாக எழுதியிருக்கிறார். மாமா அதற்கு நன்றி சொல்லி, "மருமகள், மாடு - இரண்டும் ஒரே நாளில்" என்று சேர்த்துப் போட்டிருக்கிறார்.

நானும் மாடும்! யுனிவர்சிட்டியில் தங்கப் பதக்கம் வாங்கினவள் நான்.

இது போதாதென்று சாயங்காலம் நிலம் லேசாக ஆடியது. அலமாரியில் பாத்திரம் கிணுகிணுத்தது, அவ்வளவுதான். ரிக்டரில் நாலு புள்ளி சொச்சமாம், எங்கோ கடலுக்குள். மாமா தெருவில் இறங்கிக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். ஒரு நாள் தள்ளி வந்ததை யாருமே கேட்கவில்லை.

இனிமேல் இந்த மனிதருக்கு என் உடம்பிலிருந்து ஒரு ஆதாரம்கூடக் கிடைக்காது. சத்தியம்.

மார்ச் 14, சனி

காலையில், மத்தியானம், சாயங்காலம், மூன்று வேளையும் "தல வலிக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 16, திங்கள்

வெயில் அதிகம். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. எட்டாம் மாதத்தில் எல்லோருக்கும் வருவதுதான். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிவைத்தேன். முகம் சப்பாத்தி மாதிரி உப்பியிருப்பதாக அத்தை சொன்னார்கள், "பொம்பளப் புள்ளதான், பாரேன்" என்று சந்தோஷமாக. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் இத்தனை நாளாகத் தூங்கவிடாமல் கலகலத்துக்கொண்டிருந்தன. நேற்றிலிருந்து சத்தமே இல்லை, கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்த மட்டில் நிம்மதி.

நயினார் கமோர்ட்டாவிலிருந்து பேசினார். லைன் விட்டு விட்டு வந்தது.

"உடம்பு எப்படி இருக்கு கோமு?"

"உங்கப்பா இருக்கிற வரைக்கும் எப்படி இருக்கும்?"

"அவரு கெடக்காரு, சவத்த விடு. ஒனக்கு எப்படி இருக்குன்னு கேக்கேன்."

"நல்லா இருக்கேன்."

பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். வேறு என்ன சொல்ல முடியும்?

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வாசலை மறித்த அதே ஆட்கள், இன்று என்னை ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிடுகிறார்கள்.

"ஆட்டோ சொல்லவாம்மா?" என்றார் மாமா. "புயல் அடங்கிட்டு. ஆனா அது ஒன்னயத் தாக்கியிருக்கு. மொகமே சரியில்ல. டாக்டர்ட்ட நான் வெவரமாச் சொல்லுதேன்."

அந்தக் கூட்டத்தில், அத்தனை பெண்கள் வரிசையில் நிற்க, இவர் டாக்டரிடம் வெள்ளை அட்டையை நீட்டிச் சூரியப் புள்ளியைக் காட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அதுவும் அட்டையை ஏற்கெனவே சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்! டாக்டர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அந்த வரிசையில், நான் டீச்சராக இருந்தபோது என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் இருப்பார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. வியாழக்கிழமை நானே போய்க்கிறேன்."

"ஒண்ணும் இல்லன்னா ஏம்மா வெளிச்சத்தப் பாத்தா மொகத்த மூடுத?"

"தூக்கம் வருது."

நம்பவில்லை. ஆனால் போய்விட்டார். போகும்போது அத்தையிடம், "அவ பேச்சு சரியில்ல, நீ கூடவே இரி" என்றது காதில் விழுந்தது. என் பேச்சு சரியில்லையாம். சூரியனோடு பேசுகிறவர் சொல்கிறார்.

மார்ச் 18, புதன்

நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் ஒரு வலி. நேற்று அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பு, வேறென்ன. சீரகத் தண்ணீர் குடித்தேன்.

எழுத்து ஆடுகிறது. விளக்கு சரியில்லை என்று எழுந்து பார்த்தால் விளக்கே போடவில்லை, பகல். சுவரில் மினுக்கு மினுக்கென்று புள்ளிகள். யாரிடமும் சொல்லப்போவதில்லை. நான் புள்ளி பார்க்கிறேன் என்று தெரிந்தால் மாமா மேளம் வைத்து ஊரைக் கூட்டிவிடுவார்.

நாளை வியாழன். தனியாகப் போய்க்கொள்வேன்.

மார்ச் 22, ஞாயிறு. ஆஸ்பத்திரி

இன்றுதான் பேனா பிடிக்க விட்டார்கள். அத்தை டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படிக்கவில்லை என்று சொன்னார்கள். படித்தாலும் பரவாயில்லை.

நினைவிருக்கிற வரை எழுதுகிறேன். வியாழன் காலை அடுப்படியில் தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்தேன். கையில் ஒன்றும் இல்லை. மறுபடி எடுத்தேன். தம்ளர் பக்கத்தில் இருந்தது, நான் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் மாமா. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தெருவைப் பார்த்து "ஏல, ஆட்டோ!" என்று கத்தினார்.

வரமாட்டேன் என்றேன். "வெளக்கமாறு பிஞ்சிரும்" என்றார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் இப்படிப் பேசியதே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றினார்.

டாக்டர் என் வயதுப் பெண். பிபி பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். நூற்றெண்பதுக்கு நூற்றுப் பதினைந்து. எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன்.

"பொய் சொல்லுதா டாக்டர்" என்றார் மாமா. தமிழில் ஆரம்பித்து அவருக்குத் தெரிந்த துறைமுகத்து இந்தியில் முடித்தார். "போன வியாழக்கிழம தொட்டுத் தலவலி. கேட்டா இல்லைங்கா. ஞாயித்துக்கிழமையே வளையல் சத்தம் நின்னுபோச்சு, கை வீங்கிட்டு. திங்கக்கிழம மோதிரத்தக் கழத்திட்டா. வெளிச்சத்தக் கண்டா முந்தானைய மூஞ்சில போட்டுக்கிடுதா. வலது பக்கம் பிடிச்சுக்கிட்டு நடக்கா. இப்போ கண்ணு தெரியல."

அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. "இதெல்லாம் எதனாலன்னா டாக்டர், சூரியன்ல..." என்று தொடங்கினார். டாக்டர் வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்குள் நர்ஸ் என் வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை நினைவிருக்கிறது. பிறகு வலிப்பு வந்ததாம். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்களாம்.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். நான் இன்னும் பார்க்கவில்லை. போனில் படம் காட்டினார்கள். மூக்கு நயினாருடையது. என் வயிற்றுக்குள் அவள் என்ன பாடு பட்டாளோ.

மார்ச் 24, செவ்வாய்

சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். பெட்டிக்குள் கை நுழைய ஒரு துவாரம் இருக்கிறது. உள்ளே விட்டேன். என் சுண்டுவிரலைப் பிடித்தாள். அவ்வளவு சின்னக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அழுதேன். அங்கே அழக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள்.

திரும்பும்போது அந்த நர்ஸ், "உங்க மாமனார் கடவுள் மாதிரி, அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேரும் இல்ல" என்றாள். நேற்று டாக்டரும் இதையேதான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறாள். அத்தை போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டாம் தேதி செக்கப்புக்குப் போகவிட்டிருந்தால் அன்றைக்கே பிபி தெரிந்திருக்காதா? தார்ப்பாய் கட்டி உட்காரவைத்தது எந்தக் கடவுள்? அதை யாரும் பேசுவதில்லை.

நயினார் கப்பலிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்தவர், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"வலிச்சா சொல்ல வேண்டியதுதான கோமு?"

"சொன்னா மாட்டோட சேத்துக் குரூப்ல போடுவாரு."

"போட்டா என்ன?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். போட்டால் என்னவா? இதுதான் கேள்வியா? எனக்கு அப்போது பதில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. அதனாலேயே இன்னும் கோபமாக இருக்கிறது.

மார்ச் 25, புதன். இரவு

மத்தியானம் நிலம் ஆடியது. போன தடவை மாதிரி இல்லை, இது நன்றாகவே ஆடியது. கட்டில் நகர்ந்தது. குளுக்கோஸ் பாட்டில் கம்பியில் இடித்துக்கொண்டது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் எழுந்து குழந்தை இருந்த பக்கம் போகப் பார்த்தேன், தையல் இழுத்துப் பிடித்துவிட்டது. நயினார் அங்கே ஓடி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வார்டுச் சுவரில் ஒரு விரிசல் மட்டும்.

அப்புறம் மாமா வந்தார். கையில் போன். இதோ ஆரம்பிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நிற்காமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"காலைல பாத்தேம்மா" என்றார். "ஒரு புள்ளி கூட இல்ல. நேத்தும் இல்ல. முந்தாநாளும் இல்ல. வெறும் வட்டம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். ஒத்துக்கொள்ளப்போகிறார்! இரண்டு வருஷம் காத்திருந்தேன் இதற்காக.

"சூரியனுக்கு அந்தப் பக்கம் ஏதோ இருந்திருக்கணும்" என்றார்.

"மாமா!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. இது பூமியோட வேலை. எத்தன தடவ சொல்றது? செக்கப்புக்குப் போகவிட்டீங்களா நீங்க? அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான்" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்தார். கத்தியதில் கண் கூசி, நான் என்னை அறியாமல் போர்வையை நெற்றி வரை இழுத்திருந்தேன்.

"தல வலிக்காம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பழக்கமாகிவிட்ட வார்த்தை. காலையிலிருந்து வலிக்கிறது. நிலநடுக்கத்துக்கும் முன்னாலிருந்தே. நர்ஸ் கேட்டபோதும் மண்டையை ஆட்டி அனுப்பிவிட்டேன். இங்கே எதைச் சொன்னாலும் இவர் காதுக்குப் போய்விடும் என்ற பயம்தான். பெட்டிக்குள் இருக்கிற அந்தச் சுண்டுவிரல் பிடி ஞாபகம் வந்தது.

"வலிக்குது மாமா. காலைல இருந்தே வலிக்குது. கண்ணு மினுக்குது. டாக்டரக் கூப்பிடுங்க. அப்புறம் குரூப்ல என்ன வேணாலும் போட்டுக்கோங்க."

அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. ஒரு செருப்போடு ஓடினார். போனைக் கட்டில் மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அது என் கைக்குப் பக்கத்தில் கிடந்து சிணுங்கியது. திரை திறந்தே இருந்தது. ஆதவன் எச்சரிக்கை. ஐயா, முன்னாடியே ஏன் சொல்லவில்லை? ஐயா, புள்ளி எவ்வளவு பெரிது? ஐயா, வெளியே படுக்கவா, உள்ளே படுக்கவா? ஐயா, பதில் சொல்லுங்கள். டிக்லிப்பூர்க்காரர் தன் மாடு இன்று அமைதியாகப் புல் மேய்ந்ததாக எழுதியிருந்தார்.

வராந்தாவில் மாமா டாக்டரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் போனை எடுத்தேன். எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன்.

'நான் மருமகள் பேசுகிறேன். ஐயா டாக்டரைக் கூப்பிடப் போயிருக்கிறார். சூரியனில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பிபி.'